மேசை எங்கே என்று கேட்ட அறை

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பெயரே ஐபி அக்காதான். கணினியோ, பிரிண்டரோ, கட்டில் தலைமாட்டில் இருக்கும் அழைப்பு மணிப்பெட்டியோ, எதுவானாலும் அதற்கு ஐபி முகவரி போட்டு, ஒரு பெயரும் வைத்து, இந்தப் பெயருக்கு இந்த முகவரி என்று நேம் சர்வரில் ஏற்றுவது அவள் வேலை. பெற்ற பிள்ளைகளின் பெயரைக்கூட மாற்றிக் கூப்பிடுவாள். பெட்டிகளின் பெயர் மட்டும் தப்பவே தப்பாது.

சொந்த அண்ணி அங்கேயே நர்ஸ். ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பழைய வார்டின் கடைசி அறையில் அப்பா போனபோது டூட்டியில் இருந்தது அண்ணிதான். அப்பாவின் விரல் மணிப் பொத்தான் மேலேயே கிடந்தது. "சத்தியமா மணி அடிக்கலம்மா" என்றாள் அண்ணி. அக்கா நம்பவில்லை. அப்பாவுக்கு என்பதால், வேறு யாரையும் தொடவிடாமல் அந்த மணிப்பெட்டியை அமைத்ததே அவள்தானே. அன்றோடு அண்ணன் வீட்டு வாசற்படி மிதிப்பதை விட்டுவிட்டாள்.

சில நாளிலேயே, அந்த அறைக்கு வேறு நோயாளி வருமுன், வார்டு புதுக் கட்டடத்துக்குப் போனது. பழையதைப் பூட்டிவிட்டார்கள். இடிக்கப் போகிறோம், அந்த வார்டின் பெயர்களையெல்லாம் நீக்கிவிடு என்று மேலாளர் சொன்னதால் அவள் நேம் சர்வரைத் திறந்தாள். யாரோ அதனிடம் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் மேசை எங்கே? சர்வர் முகவரியைச் சொன்னது. மணி ஒலிக்கும் அந்த மேசை புது இடத்துக்குப் போனபோது பெயரும் கூடவே போயிருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடியும், நர்ஸ் மேசை எங்கே? கேட்டது பழைய வார்டின் கடைசி அறை.

பட்டப்பகல்தான். இருந்தும் தனியாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை. காவலாளி சாவியைக் கொடுத்தார், கூட வரவில்லை. "அங்கதான் யாருமே இல்லையேம்மா, பாத்துப் போங்க" என்றார்.

மெத்தை இல்லாத கட்டில். தரையில் படிந்திருந்த தூசியில் ஒரு காலடித் தடமும் இல்லை. தலைமாட்டில் மட்டும் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. நோயாளி பொத்தானை அழுத்தினால் எரியும் விளக்கு அது. நர்ஸ் கட்டிலருகே வந்து கையால் அணைத்தால்தான் அணையும்.

லேப்டாப்பைச் செருகினாள். முகவரி சரி. பெயர் சரி. மாஸ்க் தப்பு.

எது நம் தெரு, எது அடுத்த தெரு என்று பெட்டிக்குச் சொல்வது மாஸ்க். 255.255.255.0 இருக்க வேண்டிய இடத்தில் 255.255.0.0 இருந்தது. அலுவலகப் பக்கத்துக்குப் போட்டுப் போட்டுப் பழகியது, விரல் தானாக அடித்துவிட்டது. அடுத்த தெருவில் இருந்த நர்ஸ் மேசையைத் தன் தெருவில் இருப்பதாக நினைத்து, பெட்டி தெருவைத் தாண்டாமலே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அன்றிலிருந்து. நேம் சர்வர் இருப்பது வெகுதூரத்துத் தெருவில், அதை மட்டும் தவறாமல் எட்டியிருக்கிறது. சோதித்தபோது பதில் வந்ததே என்றால், வராமல் என்ன செய்யும்? அதே அறையில், அதே தெருவில் உட்கார்ந்துகொண்டல்லவா மகராசி சோதித்தாள்.

அன்றைய அழுகையில் அந்தச் சிவப்பு விளக்கை யாருமே கவனித்திருக்கவில்லை. இப்போது அழக்கூடத் தோன்றவில்லை. சரியான மாஸ்க்கை அடித்துச் சேமித்தாள்.

உடனே கைபேசி ஒலித்தது. அண்ணி. மணியில் கோளாறு என்றால் ஐபி அக்காவைத்தான் கூப்பிட்டாக வேண்டும், பகையானாலும் வேறு வழியில்லை.

"இங்க மேசையில மணி அடிக்குது" என்றாள் அண்ணி, ஒட்டாத குரலில். "பழைய வார்டு கடைசி ரூம்னு காட்டுது. அது பூட்டித்தானே கிடக்கு? யாரு கூப்பிடறா?"

அக்கா வெறும் கட்டிலைப் பார்த்தாள்.

"அப்பாதான் அண்ணி. நான் அந்த ரூம்லதான் நிக்கறேன், விளக்கு இன்னும் எரியுது. அன்னைக்குக் கூப்பிட்டது இப்பதான் உங்ககிட்ட வந்திருக்கு. மணி அடிக்கலன்னு நீங்க சொன்னது நிஜம். தப்பா அமைச்சது நான்தான்."

மறுமுனையில் மணி மட்டும் கேட்டது.

"அந்த விளக்க நீ தொடாத" என்றாள் அண்ணி. "நான் வந்து அணைக்கறேன்."