மிஷாய் அப்பாவின் மீசைக்காரர்

"மீசைக்காரர் எழுந்துட்டாரா?" வாக்கிடாக்கியை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மாங்காய் திருட ஆள் சேர்ப்பவர் மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்கிறார் முவாடிமே. அந்தப் பக்கம் கரகரத்துவிட்டு, "புள்ளிச் சட்டை மட்டும் மரத்துல இருக்கார். மீசைக்காரரைக் காணோம்" என்கிறது. இவர் கருவியை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல முன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குகிறார்.

மீசைக்காரர் சிங்கம், புள்ளிச் சட்டை சிறுத்தை. சாவோ சரணாலயக் காட்டுக்குள் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாஷை அத்துப்படி. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து இறங்கிய அன்றைக்கே சிங்கத்துக்கு 'சிம்பா' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அது காதில் விழுந்தால் போதும், இருக்கையில் நிலைகொள்ள மாட்டார்கள். போய்ச் சேர்வதற்குள் சிங்கம் நடையைக் கட்டியிருந்தால் முகம் தொங்கிப்போகும். நாள் முழுக்கத் தொங்கிய முகங்களைச் சுமந்து வண்டி ஓட்டிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆகவே முவாடிமே, மிருகம் கண்ணில் படும்வரை மூச்சு விடமாட்டார். பட்ட பிறகு வண்டியை ஓரங்கட்டி, "உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்" என்பார். எல்லா வண்டிக்கும் இதே வசனம்தான்.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். "இவரு கடைக்குப் போறாரா கல்யாணத்துக்குப் போறாரான்னு திரும்பி வந்தாத்தான் தெரியும்" என்பது மனைவியின் நிரந்தரப் புகார். கேட்டுக்கொண்டே வாயில் ஒரு கிராம்பைப் போட்டு மெல்லுவார். போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து காட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். வழி தெரிந்தவர் என்று இவரையே பள்ளிப் பேருந்தை ஓட்டச் சொல்லியிருந்தாள் மிகோய் டீச்சர். அதையும் மகளிடம் சொல்லவில்லை. காலையில் பேருந்தில் ஏறிய மிஷாய், ஓட்டுநர் இருக்கையில் அப்பாவைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பிளந்த வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்கப்பா ஓட்டுற வண்டில ஏறினவங்க சிங்கம் பாக்காம இறங்கினதே கிடையாது, தெரியுமா?"

பின்னால் கேட்ட அந்தப் பெருமையில் முவாடிமேவின் கிராம்பு பல்லுக்கடியில் நின்றுவிட்டது. சிங்கம் கிடைக்காவிட்டால் நாளை முதல் அந்த வகுப்பில் பிள்ளை தலைநிமிர்ந்து உட்கார முடியாது. காடு அவர் மாமனார் வீட்டுத் தோட்டமா என்ன, கேட்டதும் பறித்துக் கொடுக்க?

காலையில் செம்மண் பூசிய யானைக் கூட்டம் வந்தது. காட்டோர ஊர்ப் பிள்ளைகளுக்கு யானை ஒரு அதிசயமா? ரிகா என்ற பையன் ஜன்னலில் தலை நீட்டி, "என்னய்யா, எங்க வீட்டுச் சோளம் செரிச்சுதா?" என்று குசலம் விசாரித்தான். "அது உங்க சோளம் இல்லடா, எங்களுது" என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். சிங்கம்தான் அவர்கள் காணாதது. இரவில் அதன் குரலை மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்.

மந்தாசிப் பணியாரமும் அவித்த முட்டையும் தின்று முடித்துக் கிளம்பிய நேரத்தில் வாக்கிடாக்கி உயிர்பெற்றது. "மீசைக்காரர் பாறைத் தண்ணிக்கிட்ட. குடும்பத்தோட படுத்திருக்கார்."

முவாடிமே வழக்கம்போல முகத்தை மரக்கட்டையாக்கிக்கொண்டார். தன் வண்டியில் இருப்பது தன் பாஷை பேசும் பிள்ளைகள் என்பது மறந்தே போயிருந்தது.

"மீசைக்காரர்னா சிங்கம்தானே?"

"பின்ன, உங்க தாத்தாவா?"

சிரிப்பில் பேருந்து குலுங்கியது. மிகோய் டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல், "மிஷாய் அப்பா, இவ்வளவு காலமா இதைத்தான் ரகசியம்னு வச்சிருந்தீங்களா?" என்றாள்.

"கிழிஞ்சது போங்க" என்று முனகிக்கொண்டே வண்டியை விரட்டினார்.

பாறையடியில் தண்ணீர் இருந்தது. சிங்கம் இல்லை.

"மிஷாய், உங்கப்பாவோட சிங்கம் லீவு போட்டுருச்சு போல" என்றான் ரிகா. மிஷாய் முன் இருக்கையின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரர்கள் என்றால் முவாடிமே ஏதாவது ஒரு பறவையைக் காட்டிவிட்டு நழுவியிருப்பார். இங்கே நழுவ வழியில்லை. அவர் எழுந்து திரும்பி நின்றார்.

"இங்கதான் இருந்துது. நாம வர்றதுக்குள்ள எழுந்து போயிருச்சு."

சொல்லிவிட்டு முகங்கள் தொங்குவதற்காகக் காத்திருந்தார். ஒன்றுகூடத் தொங்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கத்து ஜன்னல்களில் அப்பிக்கொண்டார்கள். "புல்லு அமுங்கியிருக்கு பாருடி!" "இது தல வச்ச இடம்." "போடா, அது பின்பக்கம்." "அய்யோ, நாத்தம் குடலப் புடுங்குது!" "இப்பத்தான்டா போயிருக்கு, இப்பத்தான்!" சிங்கம் படுத்திருந்த வெற்றுப் புல்லுக்கு இத்தனை கொண்டாட்டமா? எந்த நேரத்துக்குப் பயந்து ஆயுள் முழுக்க வாயைப் பூட்டி வைத்திருந்தாரோ, அந்த நேரம் வந்துவிட்டது. வந்து இப்படி ஆட்டம் போடுகிறது.

"இன்னொரு இடம் இருக்கு" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஆத்து மணல் பக்கம். இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். காட்டு கேட்டைச் சாத்துறதுக்குள்ள போயிட்டு வந்துரலாம். என்ன சொல்றீங்க?"

அவர்கள் போட்ட கூச்சலில், அங்கே ஏதாவது இருந்திருந்தாலும் எல்லை தாண்டி ஓடியிருக்கும்.

ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். எஞ்சினை அணைத்தார். மிகோய் டீச்சர் உதட்டில் விரலை வைத்ததும் பேருந்து அடங்கியது. முவாடிமே கையசைத்து மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவள் இன்னும் முகத்தை நிமிர்த்தவில்லை.

"இல்லேன்னா என்னப்பா பண்றது?" என்று கிசுகிசுத்தாள்.

"தெரியலம்மா. பாப்போம்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மணல்மேல் ஒரு கவுதாரி ஓடியது. ஒரு பிள்ளை தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கியது. அப்போது அக்கரையில், விழுந்து கிடந்த பனைமரத்துக்குப் பின்னால், காய்ந்த புல்லின் நிறத்தில் ஒரு காது அசைந்து ஈயை விரட்டியது.

முவாடிமே வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மகளின் தலைமேல் கையை வைத்து, மெல்ல, மிக மெல்ல, பனைமரத்தின் பக்கம் திருப்பினார். பிறகு, தான் எதையும் பார்க்காதவர் போல, இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.