மணலுக்கடியில் மதலேனாள்

நான் இப்போதிருக்கும் லிங்கநகரில் இன்று மதிலொன்றுக்கு வெள்ளையடித்தார்கள். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசம் என்னைக் கடலோரச் சேமக்காலைக்குக் கொண்டுபோனது. அங்கே சின்னம்மா கல்லறைகளுக்கு வெள்ளையடித்தபடியே, அவற்றில் கிடப்பவர்களின் கதைகளை அயல்வீட்டுச் சங்கதிபோல எனக்குச் சொல்லுவார்.

கடல் ஊருக்குள் வந்த வருடம் சேமக்காலை முழுவதும் மணலில் புதைந்தது.

"இனி ஆர் எங்க கிடக்கினமெண்டு சொல்ல ஏலாது. நிலத்தை மட்டமாக்குவம்," என்றார் பங்குச் சுவாமியார்.

"எத்தினை வருசம் வெள்ளையடிச்சனான், சுவாமி! எனக்குத் தெரியும்," என்ற சின்னம்மா, அடியெண்ணி நடந்து ஓரிடத்தில் நின்றார். "இதில மதலேனாள். புயலுக்குள்ளயும் தோணியேறிப் பிள்ளைப்பேறு பார்க்கப் போன மருத்துவிச்சி. தோண்டுங்கோ."

கூடிநின்ற ஊரார் தோண்ட, மண்வெட்டி கல்லில் இடித்தது. நான் மணலைத் துடைத்து, எழுத்துக்கூட்டி, உரக்க வாசித்தேன்: "மதலேனாள், மருத்துவிச்சி."

சனம் ஆரவாரித்தது. சுவாமியார் அங்கியின் கையை மடித்துவிட்டு மண்வெட்டியைத் தானே வாங்கினார்.

"அடுத்தது ஆர்? சொல்லுங்கோ."