வெளங்குதுங்க டீச்சர்

யூக்கலிப்டஸ் தைலத்தின் காட்டமான வாசம் முதலில் வரும். சுகந்தி டீச்சர் அதற்குப் பின்னால் வருவார். ஒரு சுவெட்டருக்கு மேல் இன்னொரு சுவெட்டர், கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை, தைலத்தில் நனைத்த கைக்குட்டை மூக்கில் என்று அவர் வகுப்புக்குள் நுழையும்போது, நாங்கள் வெறும் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஜனவரிக் குளிர் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. மட்டக்களப்புக் கடற்கரையில் பிறந்து வளர்ந்து, முதல் நியமனத்துக்காக மலை ஏறி வந்தவருக்கு அது பெரும்பாடு. நாங்கள் அப்போது பதினோராம் வகுப்பு. வருடக் கடைசியில் ஓ.எல். பொதுப் பரீட்சை. கணிதத்துக்கு ஆளே இல்லாமல் ஒரு வருடம் சும்மா கிடந்த வகுப்புக்கு, கணித டீச்சராக அவர் வந்து சேர்ந்தார்.

அதற்காக நாங்கள் துள்ளிக் குதிக்கவில்லை. வெளியூர் ஆசிரியர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். வருடத் தொடக்கத்தில் வருவார்கள், மழை தொடங்கி அட்டைகள் காலில் ஏற ஆரம்பித்ததும் முகம் மாறும், ஆகஸ்ட் விடுமுறைக்குப் பெட்டியோடு பஸ் ஏறுகிறவர்கள் பிறகு திரும்பி வரமாட்டார்கள். ஒருவரும் சொல்லிக்கொண்டு போனதில்லை. அதனால் புதிதாக வந்தவர்களிடம் நாங்கள் சட்டென்று ஒட்டிக்கொள்வதில்லை. "இது மழ வரைக்குந்தான்" என்று பின்வரிசைப் பையன்கள் முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்கள்.

டீச்சர் நன்றாகத்தான் படிப்பித்தார். ஒரு கணக்கைச் செய்து முடித்ததும் கரும்பலகையிலிருந்து திரும்பி, "விளங்கிச்சா புள்ளயள்?" என்று கேட்பார். "வெளங்குதுங்க டீச்சர்" என்று முழு வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். குரலை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நான்தான். எனக்குத் தொண்டை கொஞ்சம் பெரிது. அவர் முகம் மலர்ந்து அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். இருபடிச் சமன்பாடு வந்தது, வெளங்குதுங்க என்றோம். வட்டத்தின் நாண்கள் வந்தன, அதற்கும் அதையே சொன்னோம். என்ன வந்தாலும் எங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது.

இது நாங்கள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட பழக்கம் இல்லை. விடிகாலையில் "பெரட்டுக் களத்தில்" ஆள் பிரித்து, இன்ன மலைக்கு இன்ன வேலை என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லும்போது, எங்கள் அம்மாக்கள் எல்லோரும் "சரிங்க தொரை" என்றுதான் சொல்வார்கள். ஏன், எதற்கு என்று கேட்டவர்களுக்கு மறுநாள் செங்குத்தான மலை கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பள்ளிக்கூடம் போகும்போது என் அம்மாவும் அதையே சொல்லி அனுப்புவார்: "படிச்சவங்க முன்னுக்கு வாயத் தொறக்காத. சரின்னுட்டு வா. வெளங்காட்டி வீட்டுல வந்து யோசிச்சுக்கலாம்." வீட்டில் வந்து யோசிப்பதற்கு யார் இருந்தார்கள் என்று அம்மாவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரசு மட்டும் ஒரு காலத்தில் வாயைத் திறந்திருந்தாள். ஏழாம் வகுப்பில் "மறையை மறையால் பெருக்கினா நேர் எப்பிடிங்க சேர் வரும்?" என்று மைனஸ் கணக்கைப் பற்றி அப்போதிருந்த சேரிடம் எழும்பிக் கேட்டாள். அவருக்கு அன்று என்ன எரிச்சலோ, "கொழுந்து நிறுக்கத் தெரிஞ்சாக் காணும் ஒனக்கு, ஒக்காரு" என்றார். வகுப்பு சிரித்தது. சரசு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான்கு வருடமாக அவள் எந்த ஆசிரியரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கணக்குப் பாடத்தில் பலகையில் இருப்பதை அழகான கையெழுத்தில் பார்த்து எழுதுவாள், அவ்வளவுதான். கணிதத்தில் சித்தியடையாவிட்டால் மேலே படிக்க முடியாது. அப்படி ஆனால் அவளைக் கொழும்பில் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ப்பதற்கு அவள் அப்பா தெரிந்த ஒருவரிடம் சொல்லியும் வைத்திருந்தார். அவளுக்குப் போக விருப்பமில்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

முதலாம் தவணைப் பரீட்சையில் எங்கள் வண்டவாளம் வெளியே வந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு ஒற்றை இலக்கத்தில் மார்க்ஸ். வகுப்பில் ஒரு நாளும் உட்காராத டீச்சர் அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஏன் எல்லாம் விளங்கிச்செண்டு சொன்னீங்க?" என்று கேட்டார். "இனி விளங்காட்டி விளங்கல்லெண்டுதான் சொல்லணும். விளங்கிச்சா?" என்றார். பழக்க தோஷத்தில் நான் எடுத்துக் கொடுக்க, "வெளங்குதுங்க டீச்சர்" என்று வகுப்பே அதிர்ந்தது. அவர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு கண் கலங்கி, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்களுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. விளங்காதவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார், ஒரு கையும் உயரவில்லை. பெயர் போடாமல் துண்டுக் காகிதத்தில் எழுதித் தாருங்கள் என்றார். எல்லாத் துண்டிலும் "நல்லாப் படிப்பிக்கிறீங்க டீச்சர்" என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு பையன் மட்டும் அதோடு "குளிருக்குக் கவனம்" என்று எழுதியிருந்தானாம். எங்களுக்கு அவர் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. நம்பிக்கைதான் இல்லை. விளங்கவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதைச் சரசுவின் விஷயத்தில் நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோமே.

மழை தொடங்கியிருந்த ஒரு நாள், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். டீச்சரின் பாடத்தைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முன்னுக்கு வந்து, எங்கள் எல்லோருக்கும் எதிரிலேயே சிங்களத்திலும் இங்கிலீஷிலுமாக விறுவிறுவென்று ஏதோ சொல்லிக்கொண்டு போனார். எங்கள் அதிபர் அவருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்துக்கும் "ஹரி சேர், ஹரி சேர்" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அது நிரந்தரமாகாத முதல் வருட வேலை. அந்த அதிகாரி ஒரு வரி குறையாக எழுதினால் போதும் என்பது எங்களுக்கே தெரியும். அவர் பேசி முடித்து, சரிதானே என்பது போல டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர், "மட்ட தேருனே நே சேர்" என்றார். எனக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். மட்டக்களப்பில் பஸ் ஏறுவதற்கு முன் அவர் கேட்டுப் படித்து வைத்திருந்த ஒரே சிங்கள வாக்கியம் அதுதான் என்று பிறகு சொன்னார்.

அதிபரின் தலையாட்டல் பாதியில் நின்றது. அதிகாரி புருவத்தை உயர்த்தி இங்கிலீஷில் இன்னொரு முறை சொன்னார். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பாதி விளங்கியது, மீதி விளங்கவில்லை என்று அவரும் இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி அதிபரின் பக்கம் திரும்பித் தமிழில் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டபோதுதான் தெரிந்தது, அவ்வளவு நேரம் தலையாட்டிய மனிதருக்கும் அது விளங்கியிருக்கவில்லை. அவர் காதைத் தடவினார், கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சோக்கட்டியை வாங்கிப் பலகையில் படம் போட்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பாடத்திட்டத்தை எந்த மாதத்துக்குள் எந்த முறையில் முடிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். "இப்ப விளங்கிச்சு சேர்" என்றார் டீச்சர். அதிகாரி தலையசைத்துவிட்டுப் போனார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அன்று பின்னேரம் பஸ் தரிப்புக்கு இறங்கும் படிகளில் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். சரசு என் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்து அவரைப் பிடித்தாள். "பயமா இல்லீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். நான்கு வருடத்தில் ஓர் ஆசிரியரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"பயம்தான். கால் ரெண்டும் நடுங்கினது. சாரி உடுத்திருந்ததால உங்களுக்குத் தெரியல்ல" என்றார் டீச்சர்.

எங்கள் லயத்து வீடுகளுக்கு ஏறும் வழியெல்லாம் சரசு இரண்டு மூன்று முறை தானாகச் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் டீச்சர் ஒரு சமன்பாட்டைத் தீர்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார். வகுப்பும் வழக்கம்போலச் சொன்னது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு என் பக்கத்தில் உட்காரும் வாங்கு அசைந்தது. சரசு எழும்பி நின்றிருந்தாள். "எனக்கு வெளங்கலங்க டீச்சர்" என்றாள்.

டீச்சரின் முகத்தில் வந்த மகிழ்ச்சியை அவரால் மறைக்க முடியவில்லை. "எந்த வரியில இருந்து?" என்று கேட்டார்.

"ஏழாம் வகுப்புல இருந்துங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எங்களில் பாதிப் பேருக்கும் அங்கிருந்துதான் விளங்கியிருக்கவில்லை. டீச்சர் பலகையை முழுதாக அழித்தார். "சரி, அப்ப ஏழாம் வகுப்பில இருந்தே தொடங்குவம்" என்று, வகுப்பின் நடுவில் தரையில் சோக்கட்டியால் நீளமாக ஒரு கோடு இழுத்து, நடுவில் பூச்சியமும் இரண்டு பக்கமும் எண்களும் எழுதினார். சரசுவைப் பூச்சியத்தில் நிற்க வைத்தார். பலகையின் பக்கம் நேர், பின்சுவரின் பக்கம் மறை. "இப்ப மறைப் பக்கம் திரும்பி நில்லுங்க, அது ஒரு மறை. அப்பிடியே பின்னுக்கு நடங்க, அது ரெண்டாவது மறை" என்றார். சரசு பின்சுவரைப் பார்த்துத் திரும்பி, முதுகுப் பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்து வந்து, டீச்சரின் மேசையில் இடித்துக்கொண்டு நின்றாள். கீழே குனிந்து காலடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். "நேர்ப் பக்கம் வந்துட்டேன்" என்றாள் மெதுவாக. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு வரிக் கணக்குக்கு நான்கு வருடம் காத்திருந்திருக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. இப்போது யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. பின்வரிசைக் குறும்பர்கள் மணி அடித்தால்கூட "வெளங்கல டீச்சர்" என்றார்கள். ஒரு நாள் அவருக்கே பொறுமை போய்ச் சோக்கட்டியை வீசிவிட்டு, மறுநிமிடம் மன்னிப்பும் கேட்டார். ஏழாம் வகுப்புப் புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் இரவல் வாங்கிப் படித்தோம். காலை மணி அடிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முந்தி, மூடுபனிக்குள் வந்து உட்கார்ந்தோம். "ஓ.எல். வகுப்புல ஏழாம் வகுப்புப் பாடமா? அதிகாரி கேட்டா நான் என்ன சொல்றது?" என்று அதிபர் பதறினார். "நான் சொல்றன் சேர்" என்றார் டீச்சர். பாடத்திட்டம் பின்தங்கியதற்கு அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அவரும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போனவர், விடுமுறை முடிய முதலே திரும்பி வந்து வகுப்பு வைத்தார்.

ஆனால் குளிர் அவரை விடவில்லை. மூச்சிழுப்பு வந்து வந்து போனது. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு பாடத்தை நிறுத்திவிட்டு எங்களிடம் நேராகவே சொன்னார். ஜனவரியிலிருந்து மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைத்துவிட்டதாம். அவராகக் கேட்டு வாங்கிய மாற்றம்தான். இன்னொரு மழைக்காலத்தை நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அம்மாவும் வீட்டில் தனியாக இருக்கிறார். பரீட்சை முடியும் வரை எங்கும் போகமாட்டார். "மத்தவங்க சொல்லிக் கேள்விப்படாம நானே சொல்லணும் எண்டு நினைச்சன். விளங்கிச்சா புள்ளயள்?" என்றார்.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. பின்வரிசைகூடக் குனிந்துகொண்டது. எங்களை விட்டுப் போன அத்தனை பேரிலும் போவதற்குக் காரணம் சொன்னவர் அவர் ஒருவர்தான். சரசுதான் உட்கார்ந்தபடியே, "வெளங்குது டீச்சர்" என்றாள். அந்தச் சொல் எங்கள் வகுப்பில் அன்றுதான் உண்மையாக ஒலித்தது.

கணிதத்தில் சரசுவுக்கு 'சீ' தரச் சித்தி கிடைத்தது. எனக்கு மயிரிழையில் ஒரு சாதாரணச் சித்தி. சித்தியடையாதவர்களும் இருந்தார்கள், டீச்சர் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார் என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. சரசு கொழும்புக்குப் போகவில்லை. அட்டன் நகரத்தில் மேலே படித்துவிட்டு, இப்போது நுவரெலியாவில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரியிடம் கணக்குப் பார்க்கிறாள். லொறிக்காரர்கள் அவளுக்குப் பயப்படுகிறார்கள் என்று கேள்வி.

எங்கள் வகுப்பு இருந்த கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் இரண்டு மாடி எழும்பியிருக்கிறது. கணிதத்துக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேருமே பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். ஆகஸ்டில் காணாமல் போகும் ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. அந்த விஷயம் ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சனிக்கிழமைகளில் பிள்ளைகளெல்லாம் அட்டனுக்கு டியூஷன் போகிறார்கள். பெரிய மண்டபம், சேர் மைக்கில் பேசுகிறார், கடைசி வரிசைக்கு அவர் முகம் தெரியாது. "வெளங்காட்டி கேக்க மாட்டியா?" என்று அக்கா மகளிடம் கேட்டேன். "கேட்டா சேர் ஏச மாட்டாரு சித்தி. கேக்குறதுக்கு நேரந்தான் இல்ல" என்றாள். கேட்பதற்குப் பயம் போய்விட்டது. விளங்கிச்சா என்று கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்துக் காத்து நிற்கும் ஆளும் கூடவே போய்விட்டார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறாள். எனக்குத் தெரிந்தவரை சொல்லிக் கொடுக்கிறேன். தெரியாத இடம் வந்தால் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அதில் ஒரு சிரிப்பு. பிறகு இருவருமாகச் சரசுவுக்குப் போன் போடுகிறோம்.