விதி பதினான்கும் ஒடிசாவுக்குப் போன படிவமும்

"வேறு சபையிலிருந்து வருகிறவர் ஊழியப் பொறுப்பு ஏற்குமுன், தம் தாய்ச்சபையின் நற்சான்றை உரிய படிவத்தில் பெற்றிருக்க வேண்டும்." இது எங்கள் சபையின் விதி பதினான்கு. எழுதியவன் நான். திருவள்ளூர் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தே ஓய்வு பெற்றவனைக் கும்மிடிப்பூண்டிச் சபை செயலாளராக்கினால் அவன் வேறென்ன எழுதுவான்?

எங்களிடம் காலையில் தமிழ் ஆராதனை, அதையடுத்துத் தெலுங்கு. பிற்பகலில், இரும்பு ஆலைகளில் உழைக்கும் வடமாநிலத்தவருக்கு இந்தியில் ஜெபக்கூட்டம். அதை நடத்திய சகோதரர் போன வருடம் ஊர் மாறிப் போனார். அடுத்து யார் என்றதும் எல்லோரும் சுஷாந்தைக் காட்டினார்கள். ஒடிசாக்காரர், ஷிஃப்ட் வேலை. நன்றாகப் பாடுவார், நோயாளிகளைத் தேடிப் போவார். நற்சான்றுதான் இல்லை.

படிவத்தை அவர் ஊர்ச் சபைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "நான் போன் பண்றேன் சார்" என்றார். சம்பந்தப்பட்டவரே தன் சான்றுக்காகப் பேசக் கூடாது என்றேன். அதற்கும் விதி உண்டு. தலையாட்டிவிட்டுப் போனார்.

பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. நடத்த ஆளில்லாத இந்திக் கூட்டத்தில், மூன்று பாய் நிறைய உட்கார்ந்தவர்கள் ஒரு பாயில் அடங்கினார்கள். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, நான்கே பேர். அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்றது கமிட்டி. ஊரை விட்டு வந்தவர்கள் தமக்குப் புரியும் பேச்சில் ஜெபிக்க இருந்த ஒரே இடம் அது. அதைப் பூட்டப் போவது என் விதி.

சோறு போட்டபடியே என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள்: "இன்னாங்க, பேதுருவே வந்து நின்னாலும் படிவம் கேப்பீங்களா?"

"கேட்பேன்."

"கேட்டுக்கினே இருங்க. ஆளுங்க பூடுவாங்க."

அன்று முழங்கால் போட்டேன். மூட்டுவலியால் நெடுநாளாக நாற்காலியில் ஜெபிப்பவன். "ஆண்டவரே, விதியையும் மீற முடியவில்லை, அந்த ஜனங்களையும் விட முடியவில்லை. சான்றை அனுப்பும்" என்று அழுதேன்.

சான்று வரவில்லை. ஒரு நினைவு வந்தது. அலுவலகத்தில் தகுதியான ஆள் வரும்வரை காலியிடத்தைப் பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் கட்டுவோமே, கூடுதல் பொறுப்பு! விதி பதினான்கு அதற்குக் குறுக்கே நிற்காது.

அடுத்த ஞாயிறு இந்திக் கூட்டத்தின் தலைவர் நான். எனக்குத் தெரிந்த இந்தி ரயில் அறிவிப்பு மட்டும். பேசியதும் பாடியதும் என் 'உதவியாளர்' சுஷாந்த். நான் பாய் விரித்தேன். தெலுங்குச் சபை ரத்தினம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, தலைவருக்கு இதான் வேலையா?"

"சிரிக்காமல் வந்து டீ போடம்மா."

வந்தார். அதற்குப் பிறகு போகவே இல்லை.

சுஷாந்த் நோயாளியைப் பார்க்கப் போனால் கூட ஒருவரை அழைத்துப் போவார். மூன்றாம் முறை அந்த ஒருவர் முன்னால் பேசுவார், சுஷாந்த் பின்னால் நிற்பார். ரத்தினம்மா அப்படித்தான் பெண்களின் அறைகளுக்குத் தனியாகப் போய் ஜெபிக்கத் தொடங்கினார். தலைவர்களை உருவாக்க நான் எழுதிய கையேடு அலமாரியிலேயே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று பாய் போதவில்லை.

அப்புறம் சுஷாந்தின் ஊர்ச் சபையிலிருந்து ஒரு தபால். ஒடியா மொழியில் எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவரிடமே வாசிக்கக் கொடுத்தேன். வேறு வழி?

"சார், ஃபார்ம் தமிழ்ல இருந்துச்சாம். யாருக்கும் படிக்கத் தெரியல. மேல சிலுவை பார்த்துட்டு, ஏதோ ஒரு சபைக்குக் கஷ்டம்னு நெனச்சாங்களாம். ஆல்டர் மேஜை மேல வெச்சு வாராவாரம் ஜெபம் பண்ணாங்களாம். இப்ப திருப்பூர்ல வேல செய்றவர் ஒருத்தர் லீவுல ஊருக்கு வந்து படிச்சுச் சொன்னாராம்."

நினைவூட்டலும் தமிழில்தான் அனுப்பியிருந்தேன். அதையும் வைத்து ஜெபித்திருக்கிறார்கள். நான் முழங்கால் போடுவதற்கு முன்பே, முகம் தெரியாதவர்கள் எனக்காக முழங்காலில் இருந்திருக்கிறார்கள். சுஷாந்த் முன்னாலேயே அழுதேன்.

பிரியமானவர்களே, சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். தெரிந்தபடி அவரிடம் கொடுங்கள். மற்றதை அவர் படித்துக்கொள்வார்.

கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, ஓரத்தில் எழுதினேன்: பதில் வரப்பெற்றது, ஜனவரி 12.