நாலு வண்டிப் பாலை மரம்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பள்ளிவாசலைப் புதுப்பித்துத் திறந்தபோது விழா மலர் போட்டார்கள். சரித்திரம் படிப்பிக்கிறவன் என்பதால் பள்ளிவாசலின் வரலாறு என் தலையில் விழுந்தது. தமிழ்-முஸ்லிம் கலவரங்களைப் பார்த்துப் பார்த்து ஊரே களைத்துக் கிடந்த காலம்.

பழைய பள்ளிவாசலின் கூரைக்கு நாலு வண்டிப் பாலை மரம் ஏற்றி வந்து, கூலியும் வாங்காமல் போனவர் சவளக்கடைப் பக்கத்துத் தமிழர் ஒருவர். என்னோடு படிப்பித்த கூட்டாளியின் தாயைப் பெற்றவர். பள்ளிவாசலின் பழைய கணக்குக் கொப்பியிலேயே அது இருந்தது. கூட்டாளி கேட்டதெல்லாம் மலரில் அதைப் பற்றி ஒரு வரிதான். பார்வை மங்கிய தாய்க்கு வாசித்துக் காட்ட.

எங்களூரில் தாய்வழியாக வரும் ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒரு மரைக்கார் உண்டு. ஏழு மரைக்கார்மாரும் கேட்டுச் சம்மதித்தால்தான் எதுவும் அச்சுக்குப் போகும். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவர்களுக்கு வாசித்தேன். எந்தக் குடியின் பெயர் முன்னுக்கு வருவது என்ற சண்டைக்கு மட்டுமே ஆயத்தமாகப் போயிருந்தேன். அது வரவேயில்லை. மர வண்டி பற்றிய வரி வந்ததும், கலவரத்தில் மகனைப் பறிகொடுத்த மூத்த மரைக்கார்தான் மெதுவாகக் கேட்டார்.

“இந்த நேரத்தில இது தேவதானா சேர்? மையித்து விழுந்த வீடுகள்லயும் இத வாசிப்பாங்களே.”

வகுப்பில் ஆதாரம், நேர்மை என்று முழங்குகிறவன் நான்; இங்கே பதிலை வயிறுதான் சொன்னது. இரண்டு தரம் பின்பக்கத்துக் கக்கூசுக்கு ஓடினேன். இரண்டாம் தரம் திரும்பி வந்து அந்த வரியை வெட்டிவிட்டு, ‘பல நல்லுள்ளங்களின் உதவியால்’ என்று எழுதினேன். ஏழு பேரும் ஓம் என்றார்கள்.

மலர் வந்ததும் ஒன்றைக் கூட்டாளியின் மேசையில் வைத்துவிட்டு, ஒரு கிழமை அவன் கண்ணில் படாமல் திரிந்தேன். பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்ததும் உண்டு. என் உடம்புக்கு அந்தப் பீப்பாய் எந்த மூலைக்குக் காணும்?

கடைசியில் தயிர் நிறைந்த மண் முட்டியோடு வந்து பிடித்தான்.

“அம்மாக்கு வாசிச்சன் மச்சான். நீ எழுதாத வரியையும் சேத்துத்தான் வாசிச்சன். திரும்பவும் வாசிக்கச் சொன்னா. எழுதின ஆளுக்குக் குடு எண்டு இதத் தந்து விட்டவ.”

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். அவனும் களைத்துத்தான் போயிருந்தான்.

வீட்டில் எல்லோரும் தயிருக்குச் சீனி போட்டுத் தின்றார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். அன்றைக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது.