சித்தி உடைத்த தடி

எங்கள் வெக்ஸ்போர்ட் பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கொரு முறை கலாசார விழா நடக்கும். ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரு மேசை, ஒரு ஆட்டம். தொண்ணூறுகளில் எங்கள் தமிழர் மேசையில்தான் கூட்டம் அலைமோதும். காரணம் கலாசாரமல்ல, சித்தியின் வடை. இங்கிலாந்துக்கு மட்டும் மேசையே கிடையாது. நாங்கள் வந்து குடியேறிய இந்த இங்கிலீஷ் ஊரே அவர்களுடையதுதானே, தனியாக மேசை எதற்கு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

எங்கள் சங்கீத ரீச்சர் அந்த இங்கிலாந்திலிருந்து வந்தவர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, தன் ஊர்க் கிராமிய ஆட்டத்தையும் மேடையேற்றியே தீருவதென்று ஒற்றைக்காலில் நின்றார். ஆறு பேர் முழங்காலுக்குக் கீழே சலங்கை கட்டி, ஆளுக்கொரு தடியை மோதி ஆடவேண்டும். நானும் ஆறில் ஒருத்தி. ஒத்திகையைப் பார்த்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விழாவன்று மேடையேறும் நேரத்தில் என் சோடிப் பையன் வெட்கம் தாங்காமல் சலங்கையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விட்டான். ஐந்து பேரோடு அந்த ஆட்டம் நடவாது. ரீச்சர் ஆட்டத்துக்கு வாசிக்கும் தன் துருத்திப்பெட்டியை உறைக்குள் வைக்கத் தொடங்கினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வடை மேசையிலிருந்து சித்தி எழுந்து வந்தார். காலையில் எங்கள் ஒத்திகையைப் பார்த்திருந்தார்.

"உது எங்கட கோலாட்டம்தானே. கையில ஒரு தடி குறைவு, அவ்வளவுதான். நான் ஆடுறன் எண்டு ரீச்சரிட்டைச் சொல்லு."

சொன்னேன். சித்தி தரையில் கிடந்த சலங்கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் கட்டினார், அதுவும் எங்கள் வழக்கப்படி கணுக்காலில். ரீச்சர் திருத்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றவர், பெட்டியைத் திரும்ப வெளியே எடுத்தார்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சித்தி ஆடியதில் மண்டபம் அதிர்ந்தது. சிரித்த பிள்ளைகளே தாளம் போட்டார்கள். வடைக்கு நின்ற வரிசை முழுவதும் மேடைக்கு முன்னால் வந்துவிட்டது. கடைசி மோதலில் சித்தியின் தடி இரண்டாக முறிந்து பறக்க, சனம் எழுந்து நின்று ஆரவாரித்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திரும்பிப் பார்த்தால் ரீச்சர் அழுதுகொண்டிருந்தார். அவர் தன் ஊரிலிருந்து சுமந்துவந்த தடியல்லவா? பயந்துபோய், மன்னிப்புக் கேட்கும்படி சித்தியை இழுத்துக்கொண்டு ஓடினேன். சித்தி வாயைத் திறக்குமுன் ரீச்சர் அவரை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தடியை உடைத்தவரைப் போய் எதற்காகக் கட்டிப்பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.