ஆலாத்தித் தண்ணீர் பட்ட தகடு

லண்டன் மண்டபமொன்றின் வாசலில் அன்றைக்கு அத்தான் நின்றார், அக்கா நின்றா, அத்தானின் தமக்கை ஆலாத்தித் தட்டோடு நின்றா, அக்காவின் மகள், என் பன்னிரண்டு வயது மருமகள், பச்சைப் பட்டுச் சாறியில் நின்றாள். மேளகாரர், படம் பிடிக்கிறவர்கள், அழைப்புக்கு வந்த சனம் என்று ஒரு முந்நூறு பேர். தாய்மாமன் என்ற முறைக்கு நான். அப்பா மட்டும் வரவில்லை. அந்த நேரம் அவர் ஸ்ட்ரெதமில் ஒரு கடையின் பின்பக்கத்தில் பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், அவர் கேட்கவில்லை. இதை எழுதும்போது, என் இல்ஃபோர்ட் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தகடு சுவரோடு சாய்ந்து நிற்கிறது. முன்னால் குந்தினால் முகம் தெரியும். நெஞ்சு மட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு அரைவட்டம், அதிலிருந்து கீழே வடிந்த நாலைந்து கோடுகள். அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது.

அத்தானை எனக்குப் பிடிக்காது. அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பாதியில் மனம் இளகினவன் போல நடிக்க எனக்கு விருப்பமில்லை. அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கையெழுத்து ஒன்றை மட்டும் படம் கீறுவதுபோலக் கீறுவார். அக்காவின் படிப்பு இடப்பெயர்வுகளுக்குள் ஏழாம் வகுப்போடு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பல்கலைக்கழகம் வரை போனவன் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். இதெல்லாம் அத்தானுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான், மருமகளின் பத்தாவது பிறந்தநாளுக்குத் தன் தோர்ண்டன் ஹீத் வீட்டில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால், ஒரு வாழ்த்து அட்டையை அப்பாவின் கையில் கொடுத்தார். "மாமா, இதை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசியுங்கோ." அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். அத்தான் தன்னுடைய கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, அப்பாவிடம் நீட்டினார். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்றும் வரிசையாகச் சொல்ல ஏலும். அப்பா அந்தக் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அத்தான் சுவிஸிலிருந்து லண்டனுக்கு வந்தவர். கலியாணத்துக்கும், பெண் வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்தியவீட்டுக்கும் மண்டபம் சோடித்துக் கொடுப்பது தொழில். இங்கே பெரியபிள்ளையான பெண்ணைக் குதிரை வண்டியில் இறக்குவார்கள், பல்லக்கில் இறக்குவார்கள், காசு கூடினவர்கள் ஹெலிகொப்டரிலும் இறக்குவார்கள். ஒருவரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக ஜெர்மனியில் எங்கோ புல்லுக்குள் கிடந்த ஒரு பழைய அமெரிக்கக் கரவனை வாங்கி இழுத்துவந்தார். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வீட்டுவண்டி. உடம்பு முழுக்க அலுமினியம், முட்டையைப் படுக்கவைத்த மாதிரி வடிவம். தன் மகளின் சாமத்தியவீட்டில் அதை முதல் தடவை இறக்கி, வந்த சனத்தின் வாயைப் பிளக்கவைப்பது அவருடைய திட்டம். ஆனால் வண்டி நரைத்துப் போயிருந்தது. மினுக்கித் தருகிறவர்கள் கேட்ட கூலியைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் சீமெந்துப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்கிறவன், உலோகமும் படித்தவன். "முகம் தெரியிற மாதிரி மினுக்கித் தா மச்சான். என்ர மீசையை அதுக்குள்ள பாத்தனெண்டா, அண்டைக்கே போய் மாமாட்ட மன்னிப்புக் கேக்கிறன்." தேத்தண்ணியோடு வந்த அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றா. "சாட்சிக்கு நான் இருக்கிறன்" என்றா. மன்னிப்பு என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆறு மாதத்துச் சனிக்கிழமைகளையும் நான் கொடுத்தேன். சம்பளம் கேட்கவில்லை.

முதலில், மஞ்சளாகி உரிந்து கிடந்த பழைய பூச்சை மருந்து தடவிக் கழற்ற வேண்டியிருந்தது. பிறகு கம்பளித் தட்டுப் பூட்டிய மெசினும் மூன்று வகைப் பசையும்: முரடு, நடுத்தரம், மென்மை. ஒரு தகட்டை முடித்துத்தான் அடுத்த தகட்டுக்குப் போகலாம். வெயிலில் செய்யக்கூடாது, பசை காய்ந்து பிடித்துவிடும். மெசின் பட்டவுடன் தகடு கறுப்பைக் கக்கும். கறுப்பு வழிந்தால் வேலை நடக்கிறது. அந்தக் கறுப்பு தகடுகளை இணைக்கிற ரிவெட்டு ஆணிகளைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். அதை எடுப்பதற்குக் கோதுமை மாவைத் தூவித் துணியால் துடைப்பேன்; மா எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு உதிரும். அத்தான் வண்டி நின்ற வளவுக்கு வரும்போதெல்லாம் மூக்கு நுனி வரை மாவோடு நிற்கும் என்னைப் பார்த்து, "என்ன புரொபெசர், இண்டைக்குப் புட்டோ இடியப்பமோ?" என்பார். நான் மெசினைப் போடுவேன். அந்த வகைத் தகட்டின் மேலே, கடுதாசியை விட மெல்லியதாகச் சுத்த அலுமினியம் ஒரு படையாக இருக்கும். கண்ணாடியாக மாறுவது அதுதான். அதைத் தாண்டித் தேய்த்தால் கீழே இருக்கும் கலப்பு உலோகம் வெளியே வந்துவிடும், பிறகு எவ்வளவு மினுக்கினாலும் அந்தத் தகடு மங்கல்தான். என் கோபத்தை மெசினில் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கடைசித் தகடு முடிந்த அன்று அத்தான் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கத்தில் நின்று, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, தகட்டைப் பார்த்து மீசையைச் சீவினார். நான் காத்திருந்தேன். "மாமா எங்க ஓடிப்போகப் போறாரே? சாமத்தியவீடு முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார். அவ்வளவுதான். நான் அடுத்த கதைக்கு வந்தேன்: மினுக்கிய அலுமினியம் தோல் உரித்த பழம் மாதிரி, மேலே பாதுகாப்புப் பூச்சு ஒன்று அடிக்க வேண்டும், அது இறுக இரண்டு நாள் கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். பூசினால் பளபளப்புக் கொஞ்சம் குறையுமா என்று கேட்டார். கொஞ்சம் குறையும் என்று உண்மையைச் சொன்னேன். "மூடி வைக்கிறதெண்டா ஏன் மினுக்கினனீ?" என்று கேட்டுவிட்டு, சாமத்தியவீட்டுக்கு மிஞ்சியிருந்த அந்த இரண்டு நாளும் வண்டியைத் தோர்ண்டன் ஹீத் கடைத்தெருவில், தனக்குத் தெரிந்த ஒருவரின் கடைக்கு முன்னால் விளம்பரத்துக்கு நிறுத்தினார்.

சாமத்தியவீட்டன்று நல்ல வெயில். கரவன் மண்டப வாசலில் வந்து நின்றபோது சனம் முழுவதும் அதன் பக்கத்தில் வளைந்தும் நீண்டும் தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய்த் தங்கள் பல்லைப் பார்த்தார்கள். கதவு திறந்து மருமகள் இறங்கினாள். அத்தானின் தமக்கை ஆலாத்தி எடுத்தா. ஆலாத்தித் தண்ணீர் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். எடுத்து முடித்துத் திரும்பியபோது அவவின் கண் கரவனில் விழுந்தது. "ஐயோ, இதென்ன இப்பிடி மினுங்குது! இவ்வளவு சனத்தின்ர கண்ணும் இதிலதான். பிள்ளைக்குக் கழிச்ச மாதிரி இதுக்கும் நாவூறு கழிக்கோணும்." அத்தான் குளிர்ந்துபோனார். "ஓம் அக்கா, சுத்திவர நல்லா ஊத்திவிடுங்கோ. தொழிலுக்கு வாங்கினது, காவல் வேணும்."

ஈரச் சீமெந்து பட்டுக் காய்ந்த அலுமினிய யன்னலை நான் வேலையில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். நரைத்த இடம் திரும்பாது. அதைச் செய்வது சுண்ணாம்புதான். முன்னால் போய் அத்தானின் தமக்கையை மறித்தேன். "வேண்டாம் அக்கா, அதுக்குள்ள சுண்ணாம்பு கிடக்கு. பூச்சு இல்லாத தகடு, அரிச்சுப்போடும்." அத்தான் சனத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டியளே? வெத்திலையோட சுண்ணாம்பை வாயிலயே போடுறம், வாய் அரிக்கேல்லை. இவரின்ர தகடு அரிக்குமாம்!" சனம் சிரித்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இவ்வளவு படிப்பையும் வைச்சுக்கொண்டு கொப்பருக்கு ஒரு 'அ'னாவைப் படிப்பிச்சிருக்கலாமே புரொபெசர்." சனம் திரும்பவும் சிரித்தது.

நான் தட்டில் கை வைத்தேன். பறிக்கப் போனேனா, தள்ளப் போனேனா என்று இப்போது சொல்ல ஏலாது. தட்டுச் சரிந்தது. பாதித் தண்ணீர் மருமகளின் சாறியில், இடுப்பிலிருந்து கால்வரை. மீதி கரவனின் பக்கத் தகட்டில். மேளம் நின்றது. தாய்மாமனுக்கென்று போட்ட பட்டுச் சால்வை என் தோளில் கிடந்தது. அதை உருவிக்கொண்டு ஓடினேன். தகட்டுக்குத்தான் ஓடினேன். கரையாத சுண்ணாம்புக் குறுணிகள் அதில் ஒட்டியிருந்தன. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், உலர்ந்த துணியால் தொடவே கூடாது. இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என்னுடையது. நான் அந்தப் பட்டுச் சால்வையால் அரக்கித் தேய்த்தேன், இடமிருந்து வலமாக, அரைவட்டமாக. தேய்த்த கைக்குப் பக்கத்தில், இன்னும் பழுதாகாத தகட்டில், என் முதுகுக்குப் பின்னால் நின்ற மருமகள் தெரிந்தாள். இரண்டு கைகளாலும் சாறியை விரித்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். நான் அவளைக் கண்டேன். கண்டுவிட்டு இன்னும் இரண்டு தரம் தேய்த்தேன். பிறகு அக்கா என் சேட்டில் பிடித்து இழுத்தா. "போடா. இனி இஞ்ச நிக்காதை."

போனேன். அவர்கள் சாறி மாற்றிச் சடங்கை முடித்தார்கள். வண்டி பின்னேரம் வரை வெயிலில் நின்றது. வடிந்த தண்ணீர் மேல் தகட்டிலிருந்து கீழ்த் தகட்டுக்கும் இறங்கி, ரிவெட்டு வரிசைக்குள் காய்ந்தது. நான் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அத்தான் சொன்ன சொல்லையும் விடாமல். உங்களுக்காகத்தான் செய்தேன் என்று காட்ட வேண்டியிருந்தது போலும். அவர் பால் பெட்டிகளில் கிழிந்த கைவிரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "பிள்ளை அழுததோ?" என்று மட்டும் கேட்டார். "தெரியேல்லை, நான் பாக்கேல்லை" என்றேன். அப்பாவிடம் நான் சொன்ன பொய்களில் எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான்.

கென்ட் பக்கத்தில் பழைய கரவன்கள் திருத்துகிற ஒருவர் அந்த இரண்டு தகடுகளையும் மீண்டும் மினுக்கிப் பார்த்தாராம். சுண்ணாம்பு போன ஆழத்துக்கு அவரும் போக, மேல்படை தேய்ந்து மங்கல் வந்துவிட்டது. வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. இது எனக்குத் தெரியவந்தது இரண்டு மாதம் கழித்து, நான் இல்ஃபோர்ட்டுக்கு அறை மாறி வந்த பிறகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. வாசலில் மருமகள், பழைய பெட்சீற்றில் சுற்றிய ஒரு சாமானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே அத்தானின் கார். எஞ்சினை அவர் நிறுத்தவில்லை, தலையை நிமிர்த்தவுமில்லை. "அப்பா தந்துவிட்டவர். வைச்சு மினுக்கட்டாம்" என்று, சொல்லிவிட்டதை அப்படியே சொன்னாள். அவளுக்கே அது வெட்கமாக இருந்தது. பெட்சீற்றை விரித்தேன். வெட்டி எடுத்த பக்கத் தகட்டில் அந்த அரைவட்டம் இருந்த துண்டு.

உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தகட்டைச் சுவரில் சாய்த்தபோது அவள் அதன் முன்னால் குனிந்து, கறையின் ஓரத்தில் தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். அவள் எப்போதும் பேசுகிற ஆங்கிலத்தில்தான் கேட்டாள், "மாமா" மட்டும் தமிழ்: மாமா, அன்றைக்கு நான் இதற்குள் தெரிந்தேன், இல்லையா? சாறியில் பட்டது கழுவினால் போகும், தகட்டில் பட்டது போகாது என்று ஒரு விளக்கம் என்னிடம் தயாராக இருந்தது. அந்த விளக்கத்தில் இப்போதும் பிழையில்லை. "ஓம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஒரு கடித உறையைக் கையில் தந்தாள், கீழே ஹோர்ன் அடிக்க இறங்கிப் போனாள்.

அத்தான் இன்றுவரை அப்பாவிடம் வரவில்லை. நானும் அக்காவிடம் போகவில்லை. உறைக்குள் இருந்தது பில், பாதி என் பங்கு என்று மேலே எழுதியிருந்தது. அடுத்த கிழமையே அனுப்பிவிட்டேன். இரண்டு தகடும், ரிவெட்டும், கூலியும், கென்ட்டுக்கு இழுத்துப்போய் வந்த செலவும் அச்சில் இருந்தன: மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டு பவுண். அதற்குக் கீழே அத்தான் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார், பிள்ளையின் சாறி கழுவினது, பதினெட்டுப் பவுண். சாறியில் கறை ஒன்றும் மிஞ்சவில்லையாம், அதையும் எழுதியிருந்தார். கூட்டி அடிக்கோடு போட்டிருந்தார். மூவாயிரத்து எண்ணூற்று எழுபது பவுண்.